துருப்பிடித்த சோடாத் தகட்டுக்கு என்ன விலை?

யாழ்ப்பாணத்தில் ‘ஏலம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடைவு நகைதான். மீட்காத சங்கிலியும் காப்பும் ஏலத்தில் விடப்படும் என்று பத்திரிகையில் வரும் வங்கி அறிவித்தலை நெஞ்சிடியோடு வாசித்த வீடுகள் இங்கே ஏராளம். ஆனால் அந்த ஏலத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. தங்கத்துக்கு நிறை உண்டு, மாற்று உண்டு, அன்றைய விலை உண்டு. கோழிக்கூட்டின் கதவாகக் கிடக்கும் பழைய சோடா விளம்பரத் தகட்டுக்கு இவை எதுவும் இல்லை. அதை வாங்க வருபவருக்கு விலை தெரியும், விற்பவருக்குத் தெரியாது. இந்த வியாபாரம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பழைய இரும்பு, போத்தல் எடுப்பவர் தகட்டைக் கிலோக் கணக்கில் நிறுப்பார். அதே தகட்டைப் பழம்பொருள் வியாபாரி தனிப் பொருளாகப் பார்ப்பார். அதைச் சுவரில் மாட்டி அலங்கரிக்க நினைக்கும் உணவகக்காரர் வேறு கணக்குப் போடுவார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வந்து, தன் சிறுவயதுக் கடைத்தெருவின் ஏதாவது ஒரு துண்டையாவது கொண்டுபோக நினைக்கும் புலம்பெயர்ந்தவருக்கு அதன் பெறுமதி இன்னொன்று. நான்கு பேரும் ஒரே தகட்டைத்தான் பார்க்கிறார்கள்.

எவை இந்த வகைக்குள் வருகின்றன?

சோடாக் கம்பனிகள் கடைகளுக்குக் கொடுத்த எல்லாமே. எனாமல் தகடுகள், அச்சிட்ட தகரப் பலகைகள், சுவர்க் கலண்டர்கள், பரிமாறும் தட்டங்கள், மூடி திறப்பான்கள், பெயர் பொறித்த கிளாஸ்கள், இருபத்துநான்கு போத்தல் அடுக்கும் மரப்பெட்டிகள், மூடிகள், லேபல்கள் என்று பட்டியல் நீளும். போத்தலும் இதில் சேரும். அந்தக் காலத்தில் போத்தலே கம்பனியின் நடமாடும் விளம்பரம்.

இலங்கையைப் பொறுத்தவரை இந்தக் கதையின் பெரும் பகுதி யானை மார்க்கைச் சுற்றியது. 1866இல் கொழும்பு ஐஸ் கம்பனியாகத் தொடங்கி, 1941இல் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் சின்னம் அது. நெக்டோ, கிறீம் சோடா, இஞ்சிச் சோடா, ஒரேஞ் பார்லி என்று அதன் பெயர்கள் எங்கள் கலியாண வீடுகளிலும் கூல்பார்களிலும் பழகிப்போனவை. அந்தப் பெயர்கள் இன்றும் விற்பனையில் இருப்பதால், பழைய யானை மார்க் பொருளை அடையாளம் காண யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. கேட்பவர்கள் அதிகமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இதற்கு முந்திய தலைமுறை, கழுத்தில் போளை வைத்த கண்ணாடிப் போத்தல். தமிழ்நாட்டில் கோலி சோடா என்பார்கள். இங்கிலாந்துப் பொறியியலாளர் ஹிராம் கொட் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. போத்தலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் போளையை மேலே தள்ளி, கழுத்திலுள்ள இறப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். 1892இல் அமெரிக்காவில் தகர மூடி வந்த பிறகு இந்த வடிவம் மெல்ல ஒதுங்கியது. இந்தியாவிலும் ஜப்பானிலும் மட்டும் இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது.

இந்தப் போத்தல்கள் முழுதாகக் கிடைப்பது அரிது. காரணம் பெரிய மர்மமில்லை. பெடியள் போளைக்காகப் போத்தலை உடைத்தார்கள்! உலகம் முழுவதும் அதுதான் நடந்தது. கடும்நீல நிறத்திலோ மண்ணிறத்திலோ வந்தவை இன்னும் அரிது. இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்கு அருகே எல்செக்காரில் இத்தகைய பழைய போத்தல்களுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே சாதாரண வெளிர்பச்சைப் போத்தலையும் கடும்நீலப் போத்தலையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசமாட்டார்கள்.

எங்களிடம் ஏன் மிச்சமில்லை?

விளம்பரத் தகடு கடையில் தொங்கும் பொருள். கடை எரிந்தால் அதுவும் எரியும். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ். பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதே நாட்களில் யாழ். நகரின் கடைகளும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கில் ஊர் ஊராகச் சனம் வெளியேறியது. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளையும் கடைகளையும் உரியவர்கள் பல பத்தாண்டுகள் கண்ணால் காணவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. ஓர் இரவுக்குள் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த மழைநாளில் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனவர் யார்? திரும்பி வந்தபோது கூரைத் தகரமே இருக்கவில்லை.

போத்தல்களின் கதை வேறு. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கண்ணாடி வீணாகவில்லை. ஜாம் போத்தல் விளக்காகியது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. எண்ணெய், வினாகிரி, மருந்து எல்லாவற்றுக்கும் பழைய போத்தலே பாத்திரம். ஆகவே தகடுகள் அழிந்த இடத்திலும் சில போத்தல்கள் குசினி மூலையில் தப்பிக் கிடக்கின்றன. அடியில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். வாயோரம் சிதைந்திருக்கும். ஏலக்காரர் இவற்றைக் குறை என்று எழுதுவார். என் கணக்கில் அந்தக் கறையும் போத்தலின் வரலாறுதான். ஆனால் ஏலத்தில் என் கணக்கு செல்லாது.

போரினால் அருமையாகிப்போன பொருள் என்பது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்காக வீடு வீடாகப் பழைய உலோகம் சேர்த்தார்கள். கடைத் தகடுகளும் அதற்குள் போயின. அந்த ஆண்டுகளில் உலோகம் கிடைக்காமல் கொக்கா கோலா தன் விளம்பரங்களை மரத்திலும் அழுத்திய மரநார்ப் பலகையிலும் செய்தது. அவை இன்று தனியாகச் சேர்க்கப்படுகின்றன.

விலையைத் தீர்மானிப்பது எது?

இந்தத் துறையின் புகழ்பெற்ற விற்பனை ஒன்றைப் பார்ப்போம். 1915இல் அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் ரூட் கண்ணாடிக் கம்பனியைச் சேர்ந்த ஏர்ல் டீன், கொக்கா கோலாவுக்காக ஒரு போத்தல் வரைந்தார். கொக்கோக் காயின் படம் ஒன்றைப் பார்த்து வரைந்த வடிவம். அதன் நடுப்பகுதி அடியைவிட அகலமாக இருந்ததால் தொழிற்சாலைப் பட்டியில் நிலையாக நிற்கவில்லை. இடுப்பை ஒடுக்கிய பிறகே உலகம் அறிந்த போத்தல் உருவானது. முதலில் செய்த மாதிரிகள் அநேகமாக எல்லாம் அழிக்கப்பட்டன. தப்பிய ஒன்று 2011இல் ஜூலியன்ஸ் ஏல நிறுவனத்தில் 240,000 அமெரிக்க டொலருக்குப் போனது.

அந்தப் போத்தல் விலை போனது பழையது என்பதால் அல்ல. 1915ஆம் ஆண்டுக் கண்ணாடிப் போத்தல்கள் உலகில் கோடிக்கணக்கில் இருந்திருக்கும். அது எங்கே, யாரால், எதற்காகச் செய்யப்பட்டது என்று காட்ட முடிந்தது. அதோடு, அதைப்போல இன்னொன்று கிடைப்பது கடினம். பழசு, அருமை, ஆதாரம் என்ற மூன்றில் எங்கள் ஆட்கள் முதலாவதை மட்டும் வைத்து விலை சொல்கிறார்கள். ‘நூறு வருசத்துப் போத்தல்’ என்ற சொல்லுக்கு ஏலத்தில் மதிப்பில்லை.

இதற்குமேல் நிலைமை என்ற ஒன்று இருக்கிறது. கொக்கா கோலா பொருட்களுக்கு அலன் பெட்ரெற்றி எழுதிய விலைக் கைநூல் பல பதிப்புகள் கண்டது. சேகரிப்பாளர்கள் பொருளின் நிலைமைக்கு ஒன்று முதல் பத்துவரை புள்ளி இடுகிறார்கள். ஒன்பதுக்கும் ஆறுக்கும் இடையில் விலை பாதியாகக் குறைவது சாதாரணம். எனாமல் தகட்டில் பெயருக்கும் படத்துக்கும் மேல் பெயர்ந்திருந்தால் பெரிய இழப்பு. ஓரத்தில் ஆணித்துளையைச் சுற்றிப் பெயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

நின்றுபோன பெயர்களுக்கும் தனிக் கிராக்கி உண்டு. 1977இல் கொக்கா கோலா இந்தியாவைவிட்டுப் போன பிறகு பார்லே கம்பனியின் கோல்ட் ஸ்பொட் அங்கே கொடிகட்டிப் பறந்தது. 1993இல் கொக்கா கோலா திரும்பிவந்து பார்லேயின் பானங்களை வாங்கியதும் கோல்ட் ஸ்பொட் கடைகளிலிருந்து மறைந்தது. குடித்தவர்கள் இருக்கிறார்கள், பானம் இல்லை. சேகரிப்புச் சந்தைக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது.

குடாநாட்டில் கிடைக்கும் பொருளுக்கு இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: ஊர்ப் பெயர். கொழும்பில் செய்து நாடு முழுவதும் அனுப்பிய தகடு நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். ‘யாழ்ப்பாணம்’, ‘பருத்தித்துறை’, ‘சாவகச்சேரி’ என்று ஊரையோ உள்ளூர் முகவரின் பெயரையோ தாங்கிய தகடோ போத்தலோ மிகக் குறைவாகவே செய்யப்பட்டிருக்கும். அதில் போருக்குத் தப்பியது அதனிலும் குறைவு. கொழும்பிலிருந்து வரும் வியாபாரிக்கு இது தெரியும். யானை மார்க்கைப் பார்த்து விலை பேசத் தொடங்கி, கீழே உள்ள சின்ன எழுத்தைக் கடைசிவரை கவனிக்காதவர்போல் நடிப்பது இந்தத் தொழிலின் பழைய உத்தி. சின்ன எழுத்தை நீங்கள் முதலில் வாசியுங்கள்.

காலத்தை எழுத்தே சொல்லும்

ஆண்டு பொறிக்காத பொருளுக்கும் காலம் கணிக்கலாம். ‘சிலோன்’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், சில நிறுவனங்கள் அந்தப் பெயரைக் கைவிடவே இல்லை. கொழும்பு ஐஸ் கம்பனியின் பெயர் இருந்தால் 1941க்கு முந்தியது. அளவு அவுன்சில் இருந்தால் பழையது, மில்லிலீற்றரில் இருந்தால் மெற்றிக் முறை வந்த 1970களுக்குப் பிந்தியது. முகவரின் தொலைபேசி இலக்கம் எத்தனை எண் கொண்டது என்று எண்ணுங்கள். இன்று 021 உடன் பத்து எண்கள். குறையக் குறையக் காலம் பின்னே போகும்.

தமிழ் எழுத்தின் வடிவம் இன்னொரு தடயம். லை, னை, ணை ஆகிய எழுத்துகள் முன்பு துதிக்கை போன்ற வளைவோடு அச்சாகின. தமிழ்நாட்டில் 1978இல் அரச ஆணையால் அந்த வடிவம் மாறியது. இங்கே அதற்குப் பிறகும் சில காலம் பழைய வடிவம் நீடித்தது. எனவே ‘யானை’ என்ற சொல்லில் உள்ள ‘னை’ துதிக்கையோடு இருந்தால் அது ஆண்டுச் சான்றிதழ் அல்ல. ஆனால் அண்மைக்கால அச்சு அல்ல என்று சொல்லப் போதும். யானைத் தகட்டில் யானை எழுத்தே காலம் சொல்வது எனக்குப் பிடித்த விசயம்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விளம்பரங்கள் வேண்டுமே? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிசேக மலர்கள் ஆயிரக்கணக்கில் வருடி ஏற்றப்பட்டுள்ளன. மலர்களின் கடைசிப் பக்கங்களை யாரும் வாசிப்பதில்லை. ‘நல்வாழ்த்துக்களுடன்’ என்று கடைக்காரர்கள் கொடுத்த விளம்பரங்கள் அங்கேதான் இருக்கின்றன. கடையின் பெயர், றோட்டு, தொலைபேசி இலக்கம், சில சமயம் கம்பனியின் சின்னம்கூட உண்டு. மலருக்கு ஆண்டு உண்டு. உங்கள் தகட்டில் உள்ள முகவரின் பெயர் அங்கே அகப்பட்டால் அதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை. காகிதத்தில் இருந்ததெல்லாம் எரிந்துபோனது என்று நினைக்கும் எங்களுக்கு இது ஆறுதல் அல்ல, கருவி.

போலிகள்

எனாமல் தகடு என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைத்தது. நிறத்துக்கு ஒரு தடவை சூளைக்குப் போகும். ஆகவே அசல் தகட்டில் விரலை ஓட்டினால் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மெல்லிய மேடு தட்டுப்படும். வீட்டில் இருந்த எனாமல் பேணியை நினைத்துப் பாருங்கள். அடிபட்ட இடம் கறுத்து, வட்டமாகப் பெயர்ந்திருக்கும். அசல் தகடும் அப்படித்தான் பழுதாகும். பெயின்ற் அடித்த தகரம் உரிந்து சுருளும். துரு எல்லா மூலையிலும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆணித்துளையில் ஆணி இருந்த அடையாளமே இல்லையென்றால் அது எந்தக் கடையிலும் தொங்கியதில்லை.

அமெரிக்காவில் 1970களில் கொக்கா கோலா பெயரோடு பித்தளை இடுப்புப்பட்டிப் பூட்டுகள் பழம்பொருளாக விற்கப்பட்டன. சிலவற்றில் புகழ்பெற்ற நகைக்கடையான டிஃபனியின் பெயர்கூட இருந்தது. அப்படியொரு பொருளை அந்தக் காலத்தில் யாரும் செய்ததே இல்லை. இதைப் பிரதி என்றுகூடச் சொல்ல முடியாது. மூலமே இல்லாத பொருள் அது. ‘பழைய’ பித்தளைச் சோடாப் பொருட்கள் இணையத்தில் மலிவாகக் கிடைத்தால் இந்தக் கதையை நினைவில் வைத்திருங்கள்.

ஏலக் கணக்கு

சுத்தியல் விழும் விலை விற்பவர் கைக்கு வரும் பணமல்ல. வாங்குபவர் அதற்குமேல் ஏல நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துவார். பல இடங்களில் அது 20 முதல் 25 சதவீதம். விற்பவரிடமிருந்தும் தரகு கழிப்பார்கள். சுத்தியல் விலை 1000 டொலர், வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம், விற்பவர் தரகு 15 சதவீதம் என்று வைப்போம். வாங்குபவர் கட்டுவது 1250. உங்களுக்கு வருவது 850. படப்பிடிப்பு, காப்புறுதி, அனுப்பும் செலவு என்று இன்னும் கழியலாம். தகடு பாரமானது. போத்தல் உடையக்கூடியது. வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு பல சாதாரணப் பொருட்களின் விலையையே விழுங்கிவிடும்.

குறைந்தபட்ச விலை ஒன்றை முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள். அதற்குக் கீழே கேட்டால் பொருள் விற்கப்படாமல் திரும்பும். கொழும்பிலும் பழைய ஏல நிறுவனங்கள் உண்டு. ஷொக்மன் அன்ட் சமரவிக்ரம 1892இலிருந்து இயங்குகிறது. எங்கு கொடுத்தாலும் தரகு எவ்வளவு, விற்காவிட்டால் என்ன கட்டணம், பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் கேட்காமல் பொருளை ஒப்படைக்க வேண்டாம்.

இணையத்தில் விலை தேடும்போது பலர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்குகிறார்கள். ஒருவர் ஒரு தகட்டுக்கு 2000 டொலர் என்று போட்டிருப்பதால் அதன் விலை அதுவாகிவிடாது. இரண்டு வருசமாக அது விற்காமல் கிடக்கலாம். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்த விலைகளையே எடுங்கள். கொக்கா கோலாவில் பிறமொழி எழுத்துள்ள பொருட்களை மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், தமிழும் சிங்களமும் உள்ள தகட்டை இங்கே மட்டும் விலை பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

விற்கும் முன்பும் விற்காவிட்டாலும்

துருவைச் சுரண்ட வேண்டாம். கம்பித் தூரிகை, உப்புத்தாள், புதுப் பெயின்ற் மூன்றும் விலையைக் கொல்லும். மென்மையான துணியும் சிறிது தண்ணீரும் போதும். துடைத்த உடனே உலரவைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு குடாநாட்டில் எந்த இரும்பையும் விடாது. வீட்டுக்குள், நிலத்தில் படாமல் வையுங்கள்.

கலண்டர், லேபல் போன்ற காகிதங்களை லமினேற் செய்யாதீர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்பத்தாட்சி முதல் பரீட்சைச் சான்றிதழ்வரை எல்லாவற்றையும் பிளாஸ்ரிக்குக்குள் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தின் நியாயம் எனக்கும் தெரியும். ஆனால் சூடாக்கி ஒட்டிய காகிதத்தைப் பிறகு பிரிக்க முடியாது, சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். அமிலமில்லாத உறை கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கிடையில் மட்டமாக வைத்தாலே போதும்.

பொருள் எந்த ஊரில், எந்தச் சந்தியில், யாருடைய கடையில் இருந்தது, எந்த ஆண்டில் யார் கையில் எப்படி வந்தது என்று இன்றே எழுதிவையுங்கள். தெரிந்த மூத்தவர் இருந்தால் அவரை வைத்து எழுதி, திகதியும் கையொப்பமும் போடுங்கள். பொருளின் முன், பின், ஓரம், சின்ன எழுத்து எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஏலத்தில் இந்த ஒரு தாள் விலையை ஏற்றும். பொருள் கைமாறிப் போனாலும் அந்தக் கடை இருந்ததற்கான சாட்சி ஊரில் தங்கும். கடைக்காரரின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கலாம். விற்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வதில் எந்த நட்டமும் இல்லை. சில வேளை நல்ல விலை கொடுப்பவர்களும் அவர்களே.

எல்லாவற்றையும் விற்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. நாவற்குழியில் 2020 ஜனவரியில் திறக்கப்பட்ட சிவபூமி அரும்பொருட்காட்சியகம் எங்கள் பழைய வாழ்க்கையின் பாவனைப் பொருட்களைச் சேர்த்துவைத்திருக்கிறது. நாட்டுக்கு வெளியே அனுப்புவதாக இருந்தால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டம் பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது என்பதால், முதலில் தொல்லியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவில் சேகரிப்பாளர்கள் பழைய குப்பைமேடுகளைத் தோண்டியே போத்தல் எடுக்கிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்து இங்கே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் மட்டுமல்ல, நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த எந்த வளவிலும், தூர்ந்த கிணற்றிலும், இடிந்த கடையின் பின்புறத்திலும் வெடிக்காத பொருள் இருக்கலாம். மீளக் கையளிக்கப்பட்ட காணியாக இருந்தாலும் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ உறுதிப்படுத்திய பிறகே கால் வையுங்கள். சந்தேகமான எதையாவது கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிசுக்கு அறிவியுங்கள்.